பேனலின் முதுகில் எழுதியிருப்பது

லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்களுக்குக் கைவேலையைவிட வாய்வேலை அதிகம். ஸ்க்ரூவைக் கழற்றப் பத்து நிமிஷம் போதும். ஏன் கழற்றினேன் என்று விளக்க அரை மணி நேரம் வேண்டும். ஆம்பூர் பஜாரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்து ஒன்பது வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். என்னையே பார்த்து, "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்று கேட்ட ஆட்களை இதில் சேர்க்கவில்லை. மிக்ஸியோ மோட்டாரோ எதையாவது பழுது பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கும், பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு நாலு நாள் நடையாய் நடக்கிறவர்களுக்கும் நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதாக இருக்காது. நாம் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

எனக்கு அதிகம் வருவது உடைந்த டிஸ்ப்ளே. பேனல் என்போம். லேப்டாப் மூடியில் பெயர் போட்டிருக்கும் கம்பெனி அந்தப் பேனலைச் செய்திருக்காது. வேறு யாரோ செய்து கொடுக்க, இவர்கள் வாங்கி உள்ளே வைத்திருப்பார்கள். செய்தது யார் என்பது பேனலின் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரில் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஒரே மாடல் லேப்டாப் இரண்டை அடுத்தடுத்துத் திறந்தால் உள்ளே இரண்டு வேறு ஆட்கள் செய்த பேனல் இருப்பது சாதாரணம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இதை மதிக்கக் கற்றுக்கொள்ள இன்னும் எட்டு வருஷம் ஆயிற்று.

யாரைத் திட்டுவது?

வாலாஜாபேட்டையிலிருந்து ஒருவர் கோடு கோடாகத் தெரியும் லேப்டாப்போடு வந்தார். தோல் பதனிடும் கெமிக்கல் வியாபாரம். பேனலைக் கழற்றி முதுகைக் காட்டி, இதைச் செய்தவர்கள் வேறு கம்பெனி என்றேன். அவருக்கு ரத்தம் ஏறிவிட்டது. கடையில் பேர் பார்த்துத்தான் வாங்கினேன், பேருக்குத்தான் அவ்வளவு கொடுத்தேன், இப்போது நீங்கள் ஊர் பேர் தெரியாத ஒருவனைக் காட்டுகிறீர்கள், அப்படியானால் நான் யாரைத் திட்டுவது என்றார். நியாயமான கேள்வி.

அப்போது பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்தவள் ஃபர்ஹானா. பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் வேலை செய்பவள். அந்தக் கம்பெனியின் லேப்டாப்கள் எல்லாம் என் கடைக்குத்தான் வரும். இந்த முறை உடைத்தது அவளே என்பதால் அவளே எடுத்து வந்திருந்தாள். கீபோர்டு மேல் ஷூவில் தைக்கும் ஒரு சாம்பிள் பக்கிளை மறந்து வைத்து மூடியிருக்கிறாள். வாலாஜாக்காரரின் குரல் ஏறிக்கொண்டே போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரிடம் மெதுவாகச் சொன்னாள்: "நாங்க தெக்கிற ஷூ எல்லாம் வெளிநாட்டுக்குப் போவுது. எதுலயாச்சும் எங்க பேர் இருக்குதாண்ணா?"

எது இருக்கோ அது

வாலாஜாக்காரர் போனதும் ஃபர்ஹானாவின் லேப்டாப்பைத் திறந்தேன். பேனலைப் பசை டேப் போட்டு மூடியோடு ஒட்டியிருந்தார்கள். அவசரமாக இழுத்ததில் டேப்போடு சேர்ந்து முதுகு ஸ்டிக்கரும் பாதி உரிந்து வந்துவிட்டது. யார் செய்தது என்று சொல்லும் முன்பாதிதான் போயிற்று. வெளி மானிட்டரில் போட்டு ஆன் செய்திருந்தால் வேறு வழியில் கண்டுபிடித்திருக்கலாம். சோம்பேறித்தனம். சென்னை சப்ளையருக்கு போன் செய்து லேப்டாப் மாடலைச் சொன்னேன். இதற்கு மூன்று பேர் செய்த பேனல் பொருந்தும், உங்களுக்கு யாருடையது வேண்டும் என்று கேட்டார். ஸ்டாக்கில் எது இருக்கோ அதை அனுப்புங்கள் என்றேன்.

வந்தது. அளவு சரி, கனெக்டர் பின் சரி, ஸ்க்ரூ ஓட்டை சரி. மாட்டினேன், வெளிச்சம் வந்தது. பழையதைவிடக் கொஞ்சம் சோகையாகத் தெரிந்ததோ என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்த வழியே போய்விட்டது. பில்லில் 'ஒரிஜினல் பேனல்' என்று எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். இருந்தாலும் சப்ளையரிடம், இது பழைய பேனல் செய்தவர்களுடையதுதானா என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன். அவர் சிரித்தார். "மேடம், பின்னாடி யார் பாக்கப் போறாங்க?"

பேக்கிங் செக்‌ஷன்

இரண்டு மாதம் கழித்து ஃபர்ஹானா மறுபடி வந்தாள். அதே லேப்டாப். முழுக்க அழித்து, ஃபார்மட் செய்து தர வேண்டுமாம். வேறு ஒருவருக்குக் கொடுக்கப் போகிறார்கள். ஏன், உனக்கு என்ன ஆயிற்று என்றேன். பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். அட்டைப்பெட்டியில் லேபிள் ஒட்டுகிற வேலை.

அவள் முதலில் அங்கே தையல் லைனில் இருந்தவள். நிறத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பிடித்துவிடுவாள் என்று சாம்பிள் ரூமுக்கு ஏற்றினார்கள். புது சாம்பிள் ஷூவைப் போட்டோ எடுப்பாள், நிஜ லெதர் துண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, போட்டோவின் நிறம் துண்டோடு ஒத்துப்போகும்வரை திருத்துவாள், பிறகு ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்புவாள். அதைப் பார்த்துத்தான் அங்கே நிறம் முடிவு செய்வார்கள். இந்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை பையர் கோபமாக மெயில் போட்டுவிட்டார்: போட்டோவில் காட்டியது ஒரு நிறம், பார்சலில் வந்தது வேறு நிறம். சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொள்ளும் சலீம் பாய், இந்தப் பெண்ணுக்குக் கண் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். அவள் வேலூரில் கண் டாக்டரிடம் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கிக் கொடுத்தும் அவர் கேட்கவில்லை. லெதர் ஊரில் ஷேடு பார்க்கிறவளுக்குக் கண் சரியில்லை என்று பேச்சு வந்துவிட்டால் அடுத்த கம்பெனிக்கும் அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். ஸ்கிரீன்மேல் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். முதல் நாளே அதைத்தான் சொன்னாளாம். "சலீம் சார் உங்க பில்லை எடுத்துக் காட்னாரு அக்கா. ஒரிஜினல்னு போட்டிருக்குதேன்னாரு."

வெற்றிலை போட்ட ஷூ

ஃபார்மட் செய்வதற்கு முன்னால் படங்களைக் காப்பி எடுக்க வேண்டும். எனக்கு வசதியாக லேப்டாப்பைக் கடையின் பெரிய மானிட்டரோடு இணைத்தேன். படங்கள் வரிசையாக வந்தன. பழையவை ஒழுங்காக இருந்தன. இரண்டு மாதத்துக்கு உட்பட்டவை எல்லாம் சிவந்து கிடந்தன. பழுப்பு ஷூ ஒவ்வொன்றும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருந்தது. அதே படம் லேப்டாப்பின் சொந்தத் திரையில் அமைதியான பழுப்பாக இருந்தது.

எனக்கு முகம் சுட்டது. நான் மாட்டிய பேனலில் சிவப்பு வெளுத்துத் தெரிகிறது. இவள் கையில் இருக்கும் லெதரோடு ஒத்துப்போகும்வரை சிவப்பைக் கூட்டியிருக்கிறாள். கவனமில்லாதவள் எடுத்த படத்தை அப்படியே அனுப்பியிருப்பாள், அது சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஃபார்மட் பட்டனை அமுக்கிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, அந்தக் கம்பெனி வேலையும் எனக்குக் கையைவிட்டுப் போகாது. இதை நான் நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு மானிட்டரை அவள் பக்கம் திருப்பி, பேனலை மாற்றிய கதையைச் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பையிலிருந்து ஒரு லெதர் துண்டை எடுத்து இரண்டு திரையிலும் வைத்து வைத்துப் பார்த்தாள். "ரெண்டு மாசமா நான் என் கண்ணையே சந்தேகப்பட்டுட்டிருந்தேன் அக்கா."

எடைக்கு வாங்குகிறவர்

கடை மானிட்டரைக் காட்டினால் சலீம் பாய் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றாள் ஃபர்ஹானா. அது வேறு மெஷின், அதில் எப்படித் தெரிந்தால் எனக்கென்ன என்பாராம். அவள் படங்கள் சரியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இந்த லேப்டாப்பில் இருந்த பேனலையே, அல்லது அதே ஆட்கள் செய்த அதே பேனலையே மாட்டிக் காட்ட வேண்டும். அதற்கு முதலில் அது யார் செய்தது என்று தெரிய வேண்டும். பாதி கிழிந்த ஸ்டிக்கரை நான் எப்போதோ பெருக்கித் தள்ளிவிட்டேன். உடைந்த பேனல் பைபாஸ் ஓரத்துக் காயலாங்கடைக்குப் போய்விட்டது.

அங்கே போனேன். பேனல்கள் அப்பளக் கட்டு மாதிரி அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து முதுகைப் பார்த்தேன். பாதி ஸ்டிக்கர் போனவை மட்டுமே ஏழெட்டு இருந்தன. அவசரக்காரி நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று அற்ப ஆறுதல். எது நான் போட்டது என்று தெரியவில்லை. கடைக்காரரிடம், யாருடைய பேனல் எது என்று பிரித்து வைக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் காந்தத்தை வைத்து இரும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "பேரு ஊரு விசாரிச்சு வாங்கறதுக்கு நான் இன்னா பொண்ணா பாக்கறேன்? எடைக்கு வாங்கறேன்மா."

ரேஷன் கார்டு

கடைக்குத் திரும்பி வரும் வழியில்தான் மண்டையில் உறைத்தது. ஒவ்வொரு பேனலுக்குள்ளும் ஒரு சின்ன சிப் இருக்கிறது. லேப்டாப்பை ஆன் செய்ததும் அது, நான் இன்னார் செய்தது, இன்ன மாடல் என்று விண்டோஸிடம் சொல்லும். விண்டோஸ் அதை ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்ளும். பேனலைக் கழற்றி எறிந்த பிறகும் அந்தப் பெயரை அடிக்காது. செத்துப்போனவர் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரிதான். முதுகு ஸ்டிக்கர் கிழிந்தால் என்ன, லேப்டாப்புக்கே ஞாபகம் இருக்கும்.

ஃபர்ஹானா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். விண்டோஸுக்குள் போய், முன்னால் இணைத்து இப்போது இல்லாதவற்றையும் காட்டு என்று கேட்டேன். மூன்று பெயர் வந்தன. ஒன்று என் கடை மானிட்டர். ஒன்று இப்போது மாட்டியிருப்பது. மூன்றாவது, காயலாங்கடையில் முகம் தெரியாமல் படுத்திருப்பது. செய்தவரின் மூன்றெழுத்து, பின்னால் மாடல் எண், எல்லாம் சுத்தமாக இருந்தது. அலமாரியில் போர்டு போன லேப்டாப் ஒன்றைப் பாகங்களுக்காக வைத்திருந்தேன். திறந்து பேனலைத் திருப்பினால் அதே எழுத்து, அதே எண். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. நான் ஃபார்மட்டுக்காக எடுத்து வைத்திருந்த பென்டிரைவை ஃபர்ஹானா பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில அழிச்சிருந்தா இந்தப் பேரும் போயிருக்கும் இல்ல?"

வடக்கு ஜன்னல்

மறுநாள் பதினோரு மணிக்குக் கம்பெனிக்குப் போனோம். லெதர் நிறம் பார்ப்பதற்கென்று சாம்பிள் ரூமில் வடக்கு ஜன்னல் ஓரம் ஒரு மேஜை உண்டு. வெயில் நேராக விழாது, டியூப் லைட் போட மாட்டார்கள். சலீம் பாய் தோல் பதனிடும் டேனரியில் தரம் பிரிக்கும் வேலையிலிருந்து வந்தவர். தோலைக் கையில் எடுத்தால் முதலில் திருப்பிச் சதைப்பக்கம் பார்ப்பார். பேர்ணாம்பட்டா, ராணிப்பேட்டையா, எந்த டேனரியில் பதம் செய்தது என்று கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவார். என்னைப் பார்த்ததும், ஃபார்மட் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை பாய், என் மேல் ஒரு தப்பு இருக்கிறது, பத்து நிமிஷம் வேண்டும் என்றேன். ஃபர்ஹானா கதவருகிலேயே நின்றுகொண்டாள்.

இப்போதைய பேனலில் ஒரு படத்தைக் காட்டினேன். அந்த ஷூவையே பக்கத்தில் வைத்துப் பார்த்தார்; சரியாக ஒத்துப்போயிற்று. அவர் கண் முன்னாலேயே பேனலைக் கழற்றி, முதல் பேனலைச் செய்தவர்களுடையதை மாட்டி அதே படத்தைத் திறந்தேன். ஷூ சிவந்துபோயிற்று. அவர் கழற்றிய பேனலையும், நான் கொண்டுபோயிருந்த விண்டோஸ் பட்டியல் பிரிண்டையும் கையில் எடுத்தார். பேனலைத் தோல் மாதிரியே திருப்பி, முதுகில் கட்டைவிரலை ஓட்டி எழுத்தைப் படித்தார். யார் மாற்றியது என்றார். நான்தான் என்றேன். பில்லில் ஒரிஜினல் என்று எழுதியது? அதுவும் நான்தான். அந்த நேரத்தில் அந்த அறையில் நிற்கப் பிடிக்கவில்லை, நின்றேன்.

பிறகு அவர் என்னை விட்டுவிட்டார். இரண்டு மாதத்தில் படம் அனுப்பிய பதினோரு சாம்பிளையும் அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வரிசையாக வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் அதன் படத்தோடு பார்த்தார். அவசரமே இல்லை. பதினொன்றாவது முடிந்ததும் மறுபடி முதலாவதிலிருந்து பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஃபர்ஹானாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "கண்ணு கெட்டவ ஒரு நாள் செவப்பா அனுப்புவா, ஒரு நாள் மஞ்சளா அனுப்புவா. இவ பதினோரு தடவையும் நூல் புடிச்ச மாதிரி ஒரே அளவு தப்பா அனுப்பியிருக்கா. இந்த மாதிரி கண்ணைக் கொண்டுபோய் நான் லேபிள் ஒட்ட வெச்சிருக்கேன்."

வால் பக்கத்து ஓட்டை

ஃபர்ஹானா அன்று மத்தியானமே வடக்கு ஜன்னலுக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு அந்தக் கம்பெனியிலிருந்து மூன்று மாதம் ஒரு சார்ஜர்கூட வரவில்லை. வராது என்று தெரிந்துதான் போனேன். இருந்தும் அவர்கள் வேன் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். கூலிக்குப் பதம் செய்ய டேனரிக்குத் தோல் அனுப்புகிறவர்கள் இங்கே ஒன்று செய்வார்கள். தோலின் வால் பக்கம் தங்கள் அடையாளத்துக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் குத்தி அனுப்புவார்கள். சுண்ணாம்புத் தொட்டி, டிரம், சாயம் எல்லாம் தாண்டி வந்தாலும் ஓட்டை அப்படியே இருக்கும். தன் தோல்தான் திரும்பி வந்ததா, இல்லை டேனரிக்காரன் எவனுடைய தோலையோ கொடுத்து அனுப்பினானா என்று அதை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

நாலாவது மாதம் ஃபர்ஹானா ஒரு லேப்டாப்போடு வந்தாள். மூடியைப் பிடித்திருக்கும் ஹிஞ்ச் உடைந்திருந்தது. பை கைப்பிடியில் ஒரு லெதர் துண்டு கட்டித் தொங்கியது. அதில் மார்க்கரால் பேனல் செய்தவரின் மூன்றெழுத்தும் மாடல் எண்ணும் எழுதியிருந்தன. விண்டோஸுக்குள் போய் எடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். சலீம் பாய் உத்தரவா என்று கேட்டேன். இல்லை, தன் யோசனைதான் என்றாள். நான் துண்டைப் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். "கோச்சுக்காதீங்க அக்கா. போவும்போது இன்னா நம்பரோ, வரும்போதும் அதே நம்பர் இருக்கணும்."

மூடியில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள் என்று ஒன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்த எனக்கு, என் பில்லில் இருக்கும் வார்த்தையையும் நம்பக் கூடாது என்று விளக்க ஒரு விரல் அகல லெதர் துண்டு போதுமாக இருந்தது.